சூளைக்காரி வறுத்த காப்பி

அமுதவள்ளி அத்தை காப்பிக் கடையில் வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே முதலாளியின் கப்பை உடைத்தார். கை தவறி உடைக்கவில்லை. கழுவும்போது அதன் விளிம்பில் மயிரிழை போல ஒரு விரிசல் தெரிந்தது. உடனே கழுவும் கல்லின் முனையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினார். சத்தம் கேட்டு வந்த முதலாளி பழமலைநாதன், தன் கப்பு இரண்டு துண்டாகக் கிடப்பதைப் பார்த்து, "என்னாம்மா இது?" என்றார்.

"கீறல் வுட்டிருந்துச்சுங்க. அதான் உடைச்சிட்டேன்."

"கீறல் வுட்டிருந்தா எங்கிட்ட சொல்லணும். உடைச்சிடுவியா?"

"சொன்னா, அப்பறம் பாத்துக்கலாம்னு ஓரமா எடுத்து வெப்பீங்க. நாலு நாள் கழிச்சி மறந்துபோயி அதுலயே குடிப்பீங்க."

பக்கத்தில் உட்கார்ந்து காப்பிக்கொட்டை பொறுக்கிக்கொண்டிருந்த என் அம்மா கொளஞ்சியம்மாள், முறத்தால் வாயை மறைத்துக்கொண்டு சிரித்தாராம். அன்றிலிருந்து முதலாளி எவர்சில்வர் டம்ளருக்கு மாறிவிட்டார்.

அத்தை எங்களுக்குச் சொந்தமில்லை. எதிர்வீடு. என் அம்மாவும் அவரும் ஒரே கடையில் வேலை பார்ப்பதால் கடையில் நடப்பதெல்லாம் சாயங்காலம் எங்கள் வாசலுக்கு வந்துவிடும். சிலவற்றை நானே பார்த்தேன். மீதியை அம்மாவும் அத்தையும் சொன்னார்கள்.

காப்பிக் கடைக்கு வரும் முன் அத்தை பல வருடம் தொழிற்பேட்டையில் ஒரு பீங்கான் கம்பெனியில் இருந்தார். கரண்ட்டுக் கம்பத்திலும் வீட்டு மெயின் பெட்டியிலும் மாட்டுகிற பியூஸ் கட்டை செய்யும் கம்பெனி. சூளைக்குள் கட்டைகளை அடுக்குவது, வெந்தபின் இறக்குவது, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக் கழிப்பது, இதெல்லாம் அவருடைய வேலை. அங்கே ஒரு வழக்கம் உண்டு. விரிசல் விட்ட கட்டையைக் கண்டுபிடித்தவரே அதை அந்த இடத்திலேயே உடைக்க வேண்டும். ஓரமாக வைக்கக் கூடாது. ஓரமாக வைத்தால் அவசரத்தில் யாராவது எடுத்து நல்லதோடு சேர்த்துக் கட்டிவிடுவார்கள். அந்தக் கட்டை யாரோ ஒருவர் வீட்டுச் சுவரில் போய் உட்காரும். அதைத் தொடுகிறவர் கை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. அத்தைக்கு அந்தப் பழக்கம் எலும்பில் ஊறிவிட்டது. கம்பெனி சூளையை நிறுத்தியபோது வேலை போனது, பழக்கம் போகவில்லை.

காப்பிக் கடை கடைவீதியில் இருக்கிறது. வறுக்கும் எந்திரம் கடையின் முகப்பிலேயே, தெருவைப் பார்த்து நிற்கும். பெரிய இரும்பு உருளை. உள்ளே கொட்டையைப் போட்டால் மோட்டார் அதைச் சுழற்றும், கீழே கேஸ் எரியும். வறுக்கும் வாசனை பஸ் ஸ்டாண்டு வரை போகும், அதுதான் கடைக்கு விளம்பரம். பின்னால் ஒரு கூடம். ஏற்காட்டிலிருந்தும் குடகிலிருந்தும் மூட்டையாக வரும் பச்சைக் கொட்டையைக் கொட்டி, கறுத்தது, உடைந்தது, கல், குச்சி எல்லாவற்றையும் பெண்கள் அங்கே உட்கார்ந்து பொறுக்குவார்கள். முகப்பில் நின்று வறுத்தவர் பக்கிரி என்ற பெரியவர். வறுப்பது ஆணுக்கு, பொறுக்குவது பெண்ணுக்கு என்று யாரும் சட்டம் போடவில்லை. ஆனாலும் எந்தப் பெண்ணும் எந்திரத்தின் பக்கம் போனதில்லை. அத்தை மட்டும் எந்திரம் தெரிகிற மாதிரி உட்கார்ந்துதான் பொறுக்குவார்.

போன வருடம் பக்கிரி, புதுச்சேரியில் இருக்கும் மகள் வீட்டோடு போய் இருக்கப்போகிறேன் என்று சொல்லிவிட்டார். முதலாளி வேறு ஆள் தேடினார், கிடைக்கவில்லை. அதனால் எந்திரத்தை விற்றுவிட்டு, கும்பகோணத்திலிருந்து வறுத்த கொட்டையாகவே வாங்கி அரைத்து விற்கலாம் என்று முடிவு செய்தார். கள்ளக்குறிச்சி வியாபாரி ஒருவர் எந்திரத்தை எடுத்துக்கொள்வதாகச் சொன்னார்.

வறுத்த கொட்டை பொறுக்கியே வரும். அப்படியானால் பின்கூடத்தில் இருக்கும் பெண்களுக்கு என்ன வேலை? பாக்கெட் போட ஒருவர் போதும். என் அம்மா அன்று வீட்டுக்கு வந்து சோறு போடாமல் உட்கார்ந்திருந்தார்.

அத்தை அடுத்த நாள் காலையில் முதலாளியின் மேசை முன்னால் போய் நின்றார்.

"நான் வறுக்கறேன் மொதலாளி."

முதலாளி பதில் சொல்வதற்குள் பக்கிரி சிரித்துவிட்டார். "இந்தா சூளைக்காரி, இது பீங்கான் இல்ல. நெருப்புக்கிட்ட நிக்கணும்."

"ஆயிரத்து எரநூறு டிகிரிகிட்ட நின்னவ அண்ணே நானு. உங்க எந்திரம் எரநூறைத் தாண்டுமா?"

"வாய் வறுக்குது. கை வறுக்குமான்னு பாப்போம்."

பக்கிரி வேலையில் இருந்த கடைசி நாளன்று முதலாளி அத்தையை ஒரு ஈடு, அதாவது எந்திரம் ஒரு தடவைக்குக் கொள்ளும் கொட்டை, வறுக்கச் சொன்னார். அத்தை நன்றாகவே ஆரம்பித்தார். கொட்டை பச்சை மாறி மஞ்சளானது, மஞ்சள் மாறிப் பழுப்பானது. கடுகு வெடிப்பது போல உள்ளே படபடவென்று சத்தம் வந்தபோது அத்தையின் கை கேஸை நிறுத்தப் போனது. சூளையில் சத்தம் கேட்டால் சரக்கு போச்சு என்று அர்த்தம். ஆனால் காப்பியில் அந்தச் சத்தம் வர வேண்டும் என்று பின்கூடத்திலிருந்தே கேட்டுத் தெரிந்துவைத்திருந்தார். பொறுத்தார். நிறம் சரியாக வந்ததும் கேஸை நிறுத்தினார்.

நிறுத்திவிட்டு, எந்திரத்தின் கதவை மூடியபடியே விட்டு, கையைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

பீங்கான் சூளையை அப்படித்தான் விட வேண்டும். நெருப்பை நிறுத்தியதும் திறந்தால் வெளிக்காற்று பட்டு அத்தனையும் வெடித்துவிடும். மூடியே வைத்து மெதுவாக ஆற விடுவார்கள். காப்பிக்கொட்டை நேர் எதிர். நெருப்பை நிறுத்தினாலும் தன் சூட்டிலேயே அது மேலும் வறுபடும். கதவைத் திறந்து தட்டில் கொட்டி, விசிறி போட்டு, உடனே ஆற்ற வேண்டும். பக்கிரிக்கு அது தெரியும். ஆனால் அவர் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். புகை வந்த பிறகுதான் திறந்தார்கள். கொட்டை கன்னங்கரேலென்று எண்ணெய் கக்கிக் கிடந்தது.

"இஸ்திரி கடைக்கு அனுப்புங்க மொதலாளி," என்றார் பக்கிரி. "கரி நல்லா வந்திருக்குது."

"ஏண்ணே, பாத்துக்கிட்டுதான நின்னீங்க. ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" என்று கேட்டார் என் அம்மா.

"அவ கேட்டாளா?"

முதலாளி மட்டும் சிரிக்கவில்லை. "போதும்மா. போயி உன் எடத்துல உக்காரு," என்றார்.

அத்தை போய் உட்கார்ந்தார். ஆனால் அன்று சாயங்காலம் கடையிலிருந்து கிளம்பும்போது, தன் காசில் பச்சைக் கொட்டை வாங்கிக்கொண்டு வந்தார். அன்றிலிருந்து எதிர்வீட்டுக் கொல்லையில் தினமும் விறகடுப்பு எரிந்தது. அடுப்பின் மேல் இரும்பு வாணலி. எங்கள் தெருவே புகைந்தது. அத்தையின் வீட்டுக்காரர் தனக்கோடி மாமா பெண்ணாடம் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கிறார். அவர் வாசலில் நின்று போகிறவர் வருகிறவரிடமெல்லாம், "சக்கர எங்க ஆலையில குடுக்கறோம், காப்பி எங்க வூட்டுல குடுக்கறோம், பால் மட்டும் நீங்க கொண்டாந்தா போதும்," என்று சொல்லிக்கொண்டிருந்தார். முதல் சில நாட்கள் குடித்த காப்பியை நினைத்தால் இப்போதும் எனக்கு நாக்கு சுருங்குகிறது. ஒரு நாள் புளித்தது, ஒரு நாள் கசந்தது. யாராவது நன்றாக இருக்கிறது என்று பொய் சொன்னால் அத்தைக்குக் கோபம் வந்துவிடும்.

"நல்லாருக்குன்னு சொல்லாத. எங்க கெட்டுச்சுன்னு சொல்லு."

பழைய கம்பெனியிலிருந்து கொண்டுவந்த ஒரு வெள்ளைப் பீங்கான் தகடு அவரிடம் இருந்தது. வறுக்கும்போது நடுநடுவே நாலு கொட்டையைக் கரண்டியில் எடுத்து அதன் மேல் போட்டுப் பார்ப்பார். வெள்ளையின் மேல் நிறம் பொய் சொல்லாது என்பார். சரி என்று பட்டதும் வாணலியைத் தூக்கி முறத்தில் கவிழ்த்து, தூற்றித் தூற்றி ஆற்றுவார். "நெருப்ப நிறுத்தறது பாதி வேலதான். ஆத்தி முடிச்சாத்தான் வறுத்து முடிச்ச மாதிரி," என்று அவர் சொன்னது எனக்கு நினைவிருக்கிறது. முதல் நாள் செய்த தப்பை அவர் வேறு எப்படியும் சொல்லிக்கொண்டதில்லை.

ஒரு நாள் காலையில் தன் தூளில் இறக்கிய டிகாஷனைக் கொண்டுபோய் முதலாளிக்குக் காப்பி கலந்து கொடுத்தார். முதலாளி முழுசாகக் குடித்தார்.

"வாணலி வேற, எந்திரம் வேறம்மா. வெள்ளிக்கெழம எந்திரத்த எடுக்க ஆளு வருது."

"வெள்ளிக்கெழம வரைக்கும் அது சும்மாதான நிக்குது?"

முதலாளி யோசித்தார். "சரி. ஆனா ஷட்டர பாதி எறக்கிக்க. பொம்பள வறுக்கறது வெளிய தெரிஞ்சா, குடிக்கறதுக்கு முன்னாலயே குத்தம் சொல்லுவானுங்க."

"பாதி ஷட்டர்ல வெளிச்சம் வராதுங்க. வெளிச்சம் இல்லன்னா நெறம் தெரியாது. நெறம் தெரியலன்னா மறுபடியும் கரிதான்."

ஷட்டர் முழுசாகத் திறந்தே இருந்தது. திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் அத்தை தெருவைப் பார்த்து நின்று வறுத்தார். நானும் போய்ப் பார்த்தேன். தலையில் துண்டு கட்டியிருந்தார். போகிறவர்கள் நின்று பார்த்தார்கள். மங்கலம்பேட்டையிலிருந்து தூள் வாங்க வந்த ஒருவர், "பக்கிரி எங்கம்மா?" என்று எந்திரத்தின் முன் நின்ற அத்தையிடமே கேட்டார்.

"புதுச்சேரி போயிட்டாரு பாய்."

"அப்ப இது யாரு வறுத்தது?"

"நீங்க பாத்துக்கிட்டு நிக்கறீங்களே, அவதான்."

அவர் தூளை முகர்ந்து பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டு போனார். யாரும் திருப்பிக் கொடுக்கவில்லை. யாரும் பாராட்டவும் இல்லை. முதலாளி எந்திரத்தை விற்கும் பேச்சை விடவும் இல்லை.

வியாழக்கிழமை ஜெயராஜ் வந்தார். வேப்பூரில் நெடுஞ்சாலை ஓரத்தில் ஓட்டல் வைத்திருப்பவர். பஸ்ஸும் லாரியும் நிற்கிற கடை. எங்கள் முதலாளிக்கு அவர்தான் பெரிய வாடிக்கை. அவருக்கான கொட்டைதான் அப்போது எந்திரத்தில் வறுபட்டுக்கொண்டிருந்தது. அவர் நாற்காலியில் உட்கார்ந்து முதலாளியோடு பேசிக்கொண்டிருந்தார். கொட்டை படபடக்க ஆரம்பித்த நேரத்தில் கரண்ட்டு போய்விட்டது.

உருளை அப்படியே நின்றது. கரண்ட்டு இல்லாதபோது கையால் சுற்ற அதில் ஒரு கைப்பிடி மாட்டலாம். அந்தக் கைப்பிடி பக்கிரி காலத்திலேயே எங்கோ தொலைந்துபோயிருந்தது. அத்தை ஒரு நொடியும் நிற்கவில்லை. கேஸை நிறுத்திக் கதவைத் திறந்தார். இந்தத் தடவை மூடி வைக்கவில்லை. கொட்டை புகையோடு தட்டில் விழுந்தது. ஆற்றுகிற விசிறியும் ஓடவில்லை.

"கொளஞ்சி அக்கா, மொறத்த எடுத்துக்கிட்டு வாங்க," என்று கூப்பிட்டார்.

என் அம்மாவும் மற்றப் பெண்களும் முறங்களோடு ஓடிவந்தார்கள். கடைமுகப்பிலேயே நின்று கொட்டையை வாரி வாரித் தூற்றினார்கள். ஜெயராஜ் நாற்காலியைப் பின்னால் தள்ளிக்கொண்டு எழுந்து நின்றார். கொட்டை ஆறிவிட்டது. ஆனால் உருளை நின்ற அந்தக் கொஞ்ச நேரத்தில் அடியில் கிடந்தவை தீய்ந்திருந்தன. தூற்றியதில் அவை நல்லதோடு கலந்துவிட்டன. அத்தை ஒரு பிடி அள்ளி வெள்ளைத் தகட்டின் மேல் போட்டார். மேலே நல்ல பழுப்பு, நடுநடுவே கறுப்பு.

முதலாளி அருகில் வந்து பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "பரவால்ல வுடு. சிக்கரி கொஞ்சம் கூடப் போட்டு அரைச்சிட்டா தெரியாது," என்றார்.

"தெரியுங்க. கசக்கும்."

"நான் பாத்துக்கறேன். சாக்குல அள்ளி அரவைக்கு ஓரமா வெய்யி."

ஓரமாக வை என்ற அந்த வார்த்தைதான் அத்தையைக் கிளப்பிவிட்டது என்று என் அம்மா சொல்கிறார். எந்திரத்தின் பக்கத்தில், தீப்பிடித்தால் அணைக்க எப்போதும் ஒரு வாளித் தண்ணீர் இருக்கும். அத்தை அதைத் தூக்கினார். தட்டில் கிடந்த அத்தனை கொட்டையின் மேலும் ஊற்றிவிட்டார். தண்ணீர் படியிறங்கித் தெருவுக்கு ஓடியது.



"யாரு வூட்டு சொத்தும்மா அது?" என்றார் முதலாளி.

"உங்க சொத்துதாங்க. உங்க கட பேர்ல வெளிய போவக் கூடாதுன்னுதான் ஊத்துனேன்."

முதலாளி வாய் திறக்கும் முன் ஜெயராஜ் பேசினார். சத்தமாகப் பேசவில்லை.

"அண்ணே, கேக்கறேன்னு தப்பா நெனைக்காதீங்க. பக்கிரி இருந்தப்ப கரண்ட்டே போனதில்லியா?"

முதலாளி காலி வாளியை எடுத்து ஓரமாக வைத்தார்.

"இல்ல, அப்பப்ப எங்கடையில காப்பி கசக்கும். உங்களக் கேட்டா பாலு சரியில்லம்பீங்க. நான் ரெண்டு பால்காரன மாத்திட்டேன் அண்ணே. ஒருத்தன் என் மச்சான்."

பின்னால் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். ஜெயராஜ் செருப்பை மாட்டிக்கொண்டு, தூள் வாங்காமலேயே வண்டியில் ஏறிப் போய்விட்டார்.

முதலாளி வெகுநேரம் கல்லாவில் உட்கார்ந்திருந்தார். கடை மூடும்போது அத்தையிடம், "நாளைக்கு நீ வர வேணாம்," என்றார். அவ்வளவுதான்.

அன்று சாயங்காலம் எதிர்வீட்டில் அடுப்பு எரியவில்லை. என் அம்மா போய், "ஏண்டி அமுதா, வாளியத் தூக்கறதுக்கு முன்னால எங்க மூஞ்சிய எல்லாம் ஒரு தடவ பாத்திருக்கலாம்ல?" என்று கேட்டார். பின்கூடத்துப் பெண்கள் அத்தனை பேர் வேலையும் அந்த எந்திரத்தில்தான் இருந்தது.

"பாத்திருந்தா ஊத்தியிருக்க மாட்டேன் அக்கா," என்றார் அத்தை. "அத ஓரமா வெச்சி, கலந்து குடுத்து, அதுல நம்ம வேல நெலச்சாலும் எத்தினி நாளைக்கு நெலைக்கும்? நாளைக்கு நான் போவத்தான் போறேன்."

"வராதன்னு சொன்னாரே."

"சொன்னாரு. ஆனா ஒரு ஈடு நான் வீணாக்கியிருக்கேன். அதுக்குப் பதிலு வறுத்துக் குடுத்துட்டுத்தான் வருவேன்."

வெள்ளிக்கிழமை முதலாளி ஷட்டரைத் தூக்கும்போது அத்தை தகட்டையும் துண்டையும் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நின்றார். அம்மாவோடு நானும் போயிருந்தேன்.

"வேணாம்னு சொன்னனே."

"கேட்டுச்சுங்க. நேத்து போன ஈட்டுக்குப் பதிலு ஒண்ணு. முடிச்சிட்டுப் போயிடறேன். எந்திரம் எடுக்கறவங்க மத்தியானந்தான வராங்க?"

முதலாளி சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு நின்றார். பிறகு உள்ளே போய், தானே ஒரு மூட்டையை இழுத்துக்கொண்டு வந்து எந்திரத்தின் முன்னால் போட்டார்.

அத்தை கேஸைப் பற்ற வைத்தார். கொட்டை மஞ்சளான நேரத்தில் ஜெயராஜின் வண்டி வந்து நின்றது. அவர் இறங்கி உள்ளே வரவில்லை. தெருவில் நின்றபடியே, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, முதலிலிருந்து கடைசி வரை பார்த்தார். அத்தை அவர் பக்கம் திரும்பவே இல்லை. கரண்டியில் எடுத்தார், தகட்டில் போட்டார், மறுபடி எடுத்தார், மறுபடி போட்டார். கதவைத் திறந்ததும் கொட்டை சரசரவென்று தட்டில் கொட்டியது, விசிறி ஓடியது.

ஆறியபின் ஜெயராஜ் படியேறி வந்து ஒரு கொட்டையைக் கடித்தார்.

"பக்கிரி வறுத்த மாதிரி இல்ல," என்றார்.

"நான் பக்கிரி இல்லீங்க," என்றார் அத்தை.

"ஒரு கறுப்பு கூட இல்ல, அதச் சொன்னேன்." பிறகு முதலாளியிடம் திரும்பினார். "இத அரைச்சுப் போடுங்க. அண்ணே, எந்திரத்த விக்கறதா இருந்தா முன்னாடியே சொல்லிடுங்க. நான் வேற கட பாத்துக்கறேன். கும்பகோணத்துல யாரு தண்ணி ஊத்துனா, யாரு ஊத்தலன்னு எனக்குத் தெரியாது."

முதலாளி போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனார். நாங்கள் எல்லோரும் காதைத் தீட்டிக்கொண்டு நின்றோம். "கெளம்பிட்டீங்களா? இல்ல, வேணாம். விக்கல. ஆமா, ஆளு கெடச்சிடுச்சு," என்று கேட்டது. என் அம்மா முறத்தை எடுத்துக்கொண்டு நேராகப் பின்கூடத்துக்குப் போய் உட்கார்ந்து பொறுக்க ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அதற்கு மேல் கேட்க எதுவும் இல்லை.

முதலாளி திரும்பி வந்து அத்தையின் முன்னால் நின்றார். "அடுத்த ஈடு போடு," என்றார்.

"போடறேங்க. அதுக்கு முன்னால லேத்து பட்டறையில சொல்லி ஒரு கைப்பிடி அடிச்சிக் குடுங்க. கரண்ட்டு மறுபடியும் போவும்."

கைப்பிடி வந்துவிட்டது. இப்போது அது எந்திரத்தின் பக்கத்தில் ஆணியில் தொங்குகிறது. போன வாரம் கரண்ட்டு போனபோது அத்தை அதை மாட்டி, கரண்ட்டு வரும்வரை கையாலேயே சுற்றினார். தூள் வாங்க வந்த ஒருவர் தானும் சுற்றிப் பார்க்கிறேன் என்று கேட்டு, கொஞ்ச நேரத்திலேயே மூச்சு வாங்க, கைப்பிடியை அத்தையிடமே விட்டுவிட்டார்.

வாளியும் அங்கேயேதான் இருக்கிறது. முதலாளி அதை இரண்டு தடவை பின்பக்கம் கொண்டுபோய் வைத்தார். இரண்டு தடவையும் அத்தை அதில் தண்ணீர் நிரப்பி எடுத்து வந்து, எந்திரத்தின் பக்கத்தில், தன் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்துவிட்டார்.